கோடு கீறிய கிண்ணம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

இப்போது என்ன வனைகிறாய் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக மண்பாண்டக் கலைஞர் லூசி ரீ மேல் எனக்குப் பித்து. 1902-இல் வியன்னாவில் பிறந்தவர். யூதர் என்பதால் 1938-இல் ஊரைவிட்டு லண்டனுக்கு வர வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் பிழைப்புக்கு உடைகளுக்கான பீங்கான் பொத்தான்கள் செய்தார். துணியின் நிறத்துக்கேற்ற பொத்தான் வேண்டுமே, அதற்காக விதவிதமாகக் கிளேஸ், அதாவது சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு, கலந்து பார்த்திருக்கிறார். பின்னாளில் அவருடைய கிண்ணங்களில் வந்த நிறங்களுக்கு அந்தப் பொத்தான்கள்தான் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருமுறை இங்கிலாந்திலுள்ள ஏவ்பரி அருங்காட்சியகத்தில் வரலாற்றுக்கு முந்தைய பானைகளைப் பார்த்தாராம். பறவை எலும்பால் கோடு கீறிய பானைகள். அதே பானையை அவர் திரும்பச் செய்யவில்லை. மெல்லிய கிண்ணத்தில் கருநிறம் தரும் மாங்கனீஸ் பூசி, ஊசியால் கீறத் தொடங்கினார். கீறிய இடத்தில் வெள்ளை மண் தெரியும். பழைய பானையின் வடிவத்தை விட்டுவிட்டு, அதைச் செய்த கையின் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டார் பார், அதுதான் என்னை இழுத்தது.

நானும் செய்து பார்க்கிறேன். ஊசி போகும் வழியெல்லாம் கருந்தூள் உதிர்கிறது. அதை ஊதக் கூடாது, மூச்சில் போனால் கெடுதல். முகமூடி போட்டுக்கொண்டு ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறேன். விளிம்பிலிருந்து அடிக்கு இறங்க இறங்கக் கோடுகள் நெருங்கிவிடும். அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. நாம் ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுவோம் இல்லையா? லூசி ரீ சுடாத பாண்டத்திலேயே தூரிகையால் பூசி, ஒரே சூட்டில் முடித்துவிடுவார். மின்சூளைதான், ஏறக்குறைய 1250 டிகிரி. காய்ந்த மண் கிளேஸின் நீரைக் குடித்து ஊறினால் விரிசல் விடும். அதற்குத் துணிவு வேண்டும், எனக்கு இன்னும் அது வரவில்லை.

பெர்னார்ட் லீச் போன்ற பெரிய குயவரே லூசியின் பாண்டங்கள் மெல்லியவை என்று குறை சொல்லியிருக்கிறார். லூசியும் சில காலம் தடிமனாகச் செய்து பார்த்தாராம். பிறகு தன் வழிக்கே திரும்பிவிட்டார். உடன் வேலை செய்த ஹான்ஸ் கோப்பர் தந்த ஊக்கம் அதில் பெரிது. நம் வேலையைப் புரிந்துகொண்டு பேச ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கு அது நீதான்.

அடுத்த சூளையில் இந்தக் கிண்ணங்கள் போகின்றன. படம் அனுப்புகிறேன், கோடுகள் அதிகமா குறைவா என்று பார்த்துச் சொல். நீ மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்தாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, எழுது.

அன்புடன்,
உன் தோழி