படுக்கையில் இருப்போருக்கும் அவர்களைப் பார்ப்போருக்கும்: பொது இரவல் நிலையம் அமைக்க நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, ஊர்ப் பெரியோரே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளே,

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சந்திக்கும் எங்கள் பகுதியில், நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வேண்டிய கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி முதலியவற்றை வாங்கி வைத்து, கேட்டு வரும் வீடுகளுக்குக் கட்டணமின்றி இரவலாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஒரு நிலையத்தை அமைப்பது என்று இங்குள்ள மூன்று சபைகள் கூடி முடிவு செய்திருக்கின்றன. அதற்காக ஏற்படுத்தப்பட்ட கூட்டுக் குழுவின் சார்பில் இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் ஊர்களில் பெரும்பாலோரின் பிழைப்பு உடலுழைப்பை நம்பியது. பனையேறுகிறவர்கள், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், கொத்தனார்கள், கையாட்கள், கடலுக்குப் போகிறவர்கள், முந்திரி ஆலைகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து பருப்பு உடைக்கும் பெண்கள் என்று, ஒருவர் விழுந்தால் அன்றே வருமானம் நின்றுபோகும் வீடுகளே அதிகம். பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்களும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களும், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையிலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ செய்யக்கூடியதெல்லாம் செய்து முடித்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களும், முதுமையில் நினைவு தப்பியவர்களும் எங்கள் விளைகளில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வாகனம் போகாத மேட்டு வீடுகளில் இருப்பவர்களை நாற்காலியில் வைத்துத்தான் சாலைக்குத் தூக்கி வரவேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் இருக்கும்வரை பத்துப் பேர் பார்க்க வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் மாதங்கள் ஆக ஆக வரவு குறைந்து, நோயாளியும் அவரைப் பார்க்கும் ஒருவரும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அந்த ஒருவர் அநேகமாக மனைவியாகவோ மருமகளாகவோ மணமாகாத மகளாகவோ இருக்கிறார்.

அவருடைய வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் உடலில், எலும்பு துருத்தும் இடங்களான இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் எடை அழுந்தி, இரத்த ஓட்டம் தடைபட்டு, தோல் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, கடைசியில் புண்ணாகிறது. சில நாள்களில் உண்டாகும் அந்தப் புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆறுவதேயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்று செவிலியர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். தன்னைவிட எடை கூடிய கணவரை, தரையில் விரித்த பாயிலோ தாழ்ந்த மரக்கட்டிலிலோ வைத்து, இரவும் பகலும் அப்படிப் புரட்டுவது அறுபதைக் கடந்த ஒரு பெண்ணால் எத்தனை நாள் முடியும்? அவருடைய இடுப்பும் முழங்காலும் போய்விட்டால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவர்.

தலைப்பக்கத்தைக் கைப்பிடி சுற்றி உயர்த்தக்கூடிய மருத்துவமனைக் கட்டில் ஒன்று இருந்தால், குனியாமல் நின்றபடியே துடைத்துவிடலாம், துணி மாற்றலாம். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்க முடிவதால், புரையேறி உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் குறைகிறது. காற்று மெத்தையில் உள்ள அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்குவதால் எடை ஒரே இடத்தில் அழுந்துவதில்லை. புரட்ட வேண்டிய வேலையை அது முற்றிலும் நீக்கிவிடாது என்றாலும், இரவில் ஓரிரு முறை தூங்கவிடும். இவை எல்லாம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விலைக்கும் வாடகைக்கும் கிடைப்பவைதாம். ஆனால் மழைக்காலம் முழுவதும் பால்வெட்டு நின்றுபோகும் வீட்டில், மருந்துச் செலவுக்கு மேல் மாத வாடகையும் கொடுக்க வழியில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தினக்கூலிக்காரரின் கணக்கில் அது இரண்டு முறை வரும் வேலையில்லாக் காலம்.

இந்த வீடுகளுக்குப் போகும் நாங்கள், சபை மக்களாகிய நாம் எல்லோரும், இதுவரை அதிகமாகக் கொடுத்து வந்தது ஜெபமும் ஆறுதல் வார்த்தையும். அவை சிறியவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கதவு திறந்து யாராவது உள்ளே வரமாட்டார்களா என்று காத்திருப்பவருக்கு ஒரு பாட்டும் ஜெபமும் எவ்வளவு பெரியவை என்பதை நேரில் கண்டிருக்கிறோம். ஆனால், "பொறுமையாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரும்போது, பொறுமை முழுவதையும் அவர்கள் பங்குக்கு விட்டுவிட்டு, நம் பங்கு என்ன என்பதைக் கேளாமலே வந்துவிடுகிறோம் என்பது எங்கள் குழுவில் பலமுறை பேசப்பட்டது. குறைக்கக்கூடிய வலியைக் குறைக்காமல் விட்டு, அதைத் தாங்குகிறவரின் விசுவாசத்தைப் புகழ்வது நமக்கு எளிதாக இருக்கிறது. வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லி, வேண்டியதைக் கொடாமற்போனால் பயன் என்ன என்று யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். யோபின் பொறுமையை எடுத்துச் சொல்கிறவரும் அதே யாக்கோபுதான்.

யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் நோய்ப்பட்டுக் கிடந்த மனிதனைப் படிக்கிறோம். பொறுமைக்கு அவனைவிட வேறு யாரைக் காட்ட முடியும்? ஆனால், "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று ஆண்டவர் கேட்டபோது, அவன் தன் வியாதியைப் பற்றியோ தன் பொறுமையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. குளத்தில் தன்னைக் கொண்டுபோய் விட ஒருவருமில்லை என்பதே அவனுடைய பதில். ஐந்து மண்டபங்கள் நிறைய மனிதர்கள் இருந்த இடத்தில் சொல்லப்பட்ட பதில் அது. எங்கள் பகுதியிலும் ஆலயங்களுக்குக் குறைவில்லை. காலையில் ஒரு கோயிலின் மணி ஓய்வதற்குள் அடுத்த கோயிலின் மணி கேட்கிறது. அந்த ஓசை கேட்கும் தூரத்தில், "ஒருவருமில்லை" என்று ஒரு வீடு சொல்லும்படி விடலாகாது என்பதே இந்த முயற்சிக்குக் காரணம்.

நோயாளரைப் பராமரிப்பது நம் மாவட்டத்துக்குப் புதிய ஊழியமன்று. 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூரில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கினார். வடசேரியில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை, 1890-களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளம் ஊழியர் ஒரு குளியலறையில் வைத்து மருந்து கொடுத்ததிலிருந்து வளர்ந்தது. எங்களுக்குக் கிடைத்திருக்கும் இடமும் பெரியதன்று. பழைய ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தின் பின்னறையைச் சபையார் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அண்டை மாநிலத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, பிறகு ஊர்தோறும் அயலாரே அயலாரைப் பார்த்துக்கொள்ளும் வழியாகப் பரவியது நம்மில் பலருக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் உறவினர் இல்லாத வீடு இங்கே குறைவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வந்து போகும் நாள்களுக்கு இடையில் உள்ள நாள்களுக்காகவே எங்கள் முயற்சி. அவர்களுடைய வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

செலவைப் பற்றிச் சொல்கிறோம். முதற்கட்டமாக மெத்தையுடன் கூடிய 10 கட்டில்கள் வாங்க இரண்டு லட்சம் ரூபாயும், 15 காற்று மெத்தைகளுக்கு 45,000 ரூபாயும், 10 சக்கர நாற்காலிகளுக்கு 70,000 ரூபாயும் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் செறிவூட்டும் கருவிகள் இரண்டுக்கு ஒரு லட்சமும், கழிப்பறை நாற்காலி, நடைச்சட்டம், சளி உறிஞ்சும் கருவி ஆகியவற்றுக்கு 65,000 ரூபாயும் வேண்டும். பின்னறையின் ஓட்டைப் பிரித்து மேய்ந்து, தரை போட்டு, பொருள்களைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யத் தொட்டி கட்ட 1,20,000 ரூபாய் ஆகும். இவை ஒருமுறைச் செலவுகள். கூட்டினால் ஆறு லட்சம் ரூபாய். இவற்றைவிடக் கடினமானது மாதச் செலவு. வீடுகளுக்குப் போய்வரும் பகுதிநேரச் செவிலியரின் ஊதியம், பொருள் ஏற்றிச் செல்லும் வண்டிக் கூலி, பழுதுபார்ப்பு, பஞ்சு, கையுறை, மருந்துத் துணி எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ரூபாய் தேவைப்படும்.

மாதச் செலவைக் கடினமானது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் மனமுவந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒன்று எழும்பி நிற்கிறது, அதில் மகிழ்ச்சியும் இருக்கிறது. பஞ்சுக்கும் வண்டிக் கூலிக்கும் கொடுத்தால் எழும்பி நிற்க ஒன்றும் இல்லை. எங்கள் சபைகளுள் ஒன்றில் கோபுர வேலை பாதியில் நிற்பதால், அதை முடித்துவிட்டு இதைத் தொடங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோபுரம் அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும் என்றும், படுக்கையில் இருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்றும் ஒரு மூத்த சகோதரி எழுந்து சொன்னார். அதன் பிறகு அந்த விவாதம் தொடரவில்லை.

எனவே பெருந்தொகை கொடுக்க இயன்றவர்களிடம் ஒருமுறைச் செலவுக்குக் கேட்கிறோம். மற்ற எல்லோரிடமும் மாதம் 100 ரூபாய், அதுவும் இயலாவிட்டால் 50 ரூபாய் கேட்கிறோம். நம் பாட்டிமார் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் இட்டு, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்த பிடியரிசியால்தான் நம்முடைய பல கோயில்களின் முதற்சுவர் எழுந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் மிச்சத்திலிருந்து கொடுக்கவில்லை. உலையில் போடுமுன் எடுத்துவைத்தார்கள். கலயம் இன்று பல வீடுகளில் இல்லை. மாதத் தொடக்கத்தில் எடுத்துவைக்கும் நூறு ரூபாய் அதன் இடத்தில் இருக்கட்டும்.

பணம் மட்டுமல்லாமல் இன்னொன்றும் கேட்கிறோம். பெற்றோரின் கடைசிக் காலத்தில் வாங்கிய கட்டிலோ சக்கர நாற்காலியோ, அவர்கள் மறைந்தபின் திண்ணையில் தார்ப்பாய் மூடிக் கிடப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். விற்க மனம் வராது, வைத்திருக்கவும் பார்க்கப் பார்க்க வேதனையாக இருக்கும். அத்தகைய பொருள்களை எங்களிடம் கொடுத்தால் பழுதுபார்த்துப் பயன்படுத்துவோம். ஓய்வுபெற்ற செவிலியரும், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் செவிலியரும், தூக்கவும் இறக்கவும் தோள் கொடுக்கக்கூடிய இளைஞரும் தங்கள் பெயரைத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். புரட்டிப் படுக்க வைக்கும் முறையையும் புண்ணைத் துடைக்கும் முறையையும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூட, அது ஒரு காற்று மெத்தையைவிட அதிகப் பலன் தரும்.

இரவல் கொடுப்பதற்குக் குழு சில விதிகளை வகுத்திருக்கிறது. பொருள் கேட்டு வருகிறவர் எந்தச் சபை, எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்கப்படமாட்டாது. மருத்துவச் சீட்டும் வீட்டு முகவரியும் போதும். வீட்டார் கேட்டால் மட்டுமே ஜெபிக்கப்படும். பொருள் கொடுத்ததற்குப் பதிலாக எந்த ஆலயத்துக்கும் வரும்படி யாரும் அழைக்கப்படமாட்டார்கள். முன்பணம் வாங்குவதில்லை. நோயாளியின் புகைப்படம் எடுக்கவோ, அதை வாட்சப் குழுக்களில் போடவோ அனுமதி இல்லை. கட்டில்களிலும் நாற்காலிகளிலும் கொடுத்தவர் பெயர் எழுதப்படாது. 'உபயம்' என்று எழுதிய மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆராதிக்க நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்னொருவர் பெயரைத் தலைமாட்டில் சுமந்துகொண்டு ஒரு நோயாளி படுத்திருக்க வேண்டாம் என்று எங்களுக்குத் தோன்றியது. பெயர் பொறிக்க விரும்பி முன்வந்த ஓரிருவர் இதனால் மனம் வருந்தினார்கள். அவர்களிடம் நேரில் போய்ப் பேசினோம், இருவரும் கொடுக்கவே செய்தார்கள்.

நன்கொடைகள் மூன்று சபைகளின் பொருளாளர்களும் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் செலுத்தப்படும். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எண்ணிட்ட ரசீது கொடுக்கப்படும். ரசீது இல்லாமல் குழுவின் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு மூன்று ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சபையைச் சேராதவர்களும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அறையின் கூரை வேலையைப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டியிருப்பதால், அதற்கான தொகையை மட்டும் முன்னதாகத் தந்து உதவ வேண்டுகிறோம். கட்டில்களைத் தொகை சேரச் சேர இரண்டிரண்டாக வாங்குவோம். எல்லாம் சேரும்வரை காத்திருக்கப் போவதில்லை. முதல் இரண்டு கட்டில்களுக்கு உரிய வீடுகள் எவை என்று எங்களுக்கு இப்போதே தெரியும்.