187 உபயகாரர்

திருகோணமலை,
தை 12

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மட்டக்களப்பில் மழை ஓய்ந்ததையும், வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே கடல் இன்னும் அடங்கவில்லை. கரைவலைத் தோணிகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடக்கின்றன. உமது பகுதி நாட்டுக்கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஒன்றை விடிய விடிய ஆடச் செய்து, வரவுப் பாட்டிலிருந்து மங்களம் வரை ஒன்றும் விடாமல் படமாக்க எண்ணியிருப்பதாகவும், அதற்கு எங்களைப் போல இணையத்தின் வழியாகக் கூட்டுநிதி திரட்டலாமா என்றும் கேட்டிருந்தீர். தாராளமாகத் திரட்டலாம். கரைவலையை இழுக்கும்போது மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளின் தொகுப்புக்கு நாங்கள் எப்படித் திரட்டினோம் என்பதை, சரியாகச் செய்ததையும் பிழைவிட்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நிதி திரட்டல் இணையப் பக்கம் திறக்கப்படும் நாளில்தான் தொடங்குகிறது என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் எங்களுடையது அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், ஒரு சீ.ஆர். கொப்பியில் தொடங்கியது. கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்தேன். முதலாவதில் ஆளின் பெயர், இரண்டாவதில் அவர் இப்போது இருக்கும் இடம், மூன்றாவதில் இந்தப் பாட்டுகளோடு அவருக்கு என்ன உறவு என்பது. மூன்றாவது நிரலில் எதையும் எழுத முடியாதவர்களின் பெயர்களை, அவர்கள் எவ்வளவு வசதி படைத்தவர்களாக இருந்தாலும், வெட்டிவிட்டேன். மீதமிருந்த 212 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். லண்டனில் இருக்கும் ஒருவருக்கு, அவருடைய தகப்பனார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாக இருந்து வலை வளைத்த, திருகோணமலைக்கு அருகிலுள்ள அதே சல்லிக் கரையில்தான் நாங்கள் பதிவு செய்யப்போகிறோம் என்று எழுதியபோது, பக்கம் திறக்கப்படும் முன்னரே, எப்போது திறக்கும் என்று அவர் மூன்று தடவை கேட்டு எழுதினார். முதல் நாளில் பணம் தர உறுதியளித்த 41 பேரில் 38 பேர் அந்தக் கொப்பியில் இருந்தவர்கள். எங்களை அறியாதவர்களும் பின்னர் வந்தார்கள். ஆனால் முன்னரே நாற்பது பேர் நிற்பதைக் கண்டபிறகுதான் வந்தார்கள். யாருமில்லாத பந்தலுக்குள் முதல் ஆளாக நுழைய எவருக்கும் தயக்கம் இருக்கும் அல்லவா?

நாங்கள் பயன்படுத்தியது கிக்ஸ்டார்ட்டர். 2009 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தின் அடிப்படை விதி, குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுவதும் சேர்ந்தால் மட்டுமே பணம் கிடைக்கும் என்பது. ஒரு டொலர் குறைந்தாலும் எவருடைய அட்டையிலிருந்தும் எதுவும் அறவிடப்படாது. இது கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் அரைகுறைப் பணத்தை வாங்கிக்கொண்டு, வாக்களித்த வேலையை முடிக்க முடியாமல் தவிக்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பாற்றுவதும், இன்னும் 600 டொலர் குறைகிறது என்று கடைசி வாரத்தில் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு உண்மையான அவசரத்தைக் கொடுப்பதும் அதே விதிதான். இலங்கையில் வசிப்பவர்கள் அங்கே நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது; அனுமதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றில் வசிக்கும் ஒருவர் தம் பெயரிலும் பொறுப்பிலும் தொடங்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் என் தமக்கையின் மகன் ஒலிச்சீரமைப்பு முழுவதையும் செய்பவன் என்பதால், அவன் வெறும் பெயருக்கு அல்லாமல் உண்மையான பங்காளியாகவே பொறுப்பேற்றான். உமக்கும் அத்தகைய ஒருவர் தேவை. கடன் கேட்பது போலப் பெயரை மட்டும் இரவல் வாங்காதேயும். வருமான வரி முதல் தாமதத்துக்கு விளக்கம் சொல்வது வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

இது வெளிநாட்டார் கண்டுபிடித்த புது வழி என்று உமது ஊர்ப் பெரியவர்கள் தயங்குவதாக எழுதியிருந்தீர். நூல் அச்சாகும் முன்னரே அதை வாங்குவதாக ஒப்பமிட்டுத் தரும் கையொப்ப வழக்கத்தை அவர்களுக்கு நினைவூட்டும். 1887 இல் வெளிவந்த சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்த உ. வே. சாமிநாதையர், நூல் வெளிவருவதற்கு முன்னரே பலரிடம் கையொப்பம் சேர்த்துத்தான் அந்தப் பெருஞ்செலவில் இறங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1885 இல், நியூயோர்க்கின் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது, ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில், எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவரின் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார்; ஏறத்தாழ ஐந்து மாதங்களில் ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது, தந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டொலருக்கும் குறைவாகவே தந்திருந்தார்கள். இந்தியாவில் 1976 இல் ஷியாம் பெனகல் இயக்கிய மந்தன் திரைப்படத்துக்கு, குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் தந்தார்கள். படம் அவர்களுடைய வாழ்வைப் பற்றியது. படம் வெளியானதும் தங்கள் படத்தைப் பார்க்க அவர்களே திரண்டு வந்தார்கள். கூத்தும் அப்படித்தான். அரங்கேற்றச் செலவை ஊர் பங்கிட்டுக்கொள்வது உமது பக்கத்தில் இன்றைக்கும் இருக்கும் வழக்கம். அந்த ஊர் இப்போது பாதி கடல் கடந்து இருக்கிறது.

தருபவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொண்டோம். மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கோப்பை, டீ சேர்ட், துணிப்பை என்று ஒரு பட்டியல் தயாரித்திருந்தோம். என் மனைவிதான் அதைப் படித்துவிட்டு, கோயிலுக்கு உபயம் செய்பவர்களுக்கு யாராவது கோப்பை கொடுக்கிறார்களா என்று கேட்டாள். திருவிழாவில் ஒரு நாளை ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதுதான் உபயத்தின் பெருமை. அன்றிரவே பட்டியலைக் கிழித்துவிட்டு, தொகுப்பில் வரவிருந்த 24 பாட்டுகளையும் 24 உபயங்களாக வகுத்தோம். 150 கனேடிய டொலர் தருபவரின் பெயரோ, அவர் நினைவுகூர விரும்பும் பெற்றோரின் பெயரோ, ஒரு பாட்டின் கீழே, அதைப் பாடியவர்களின் பெயர்களுக்கு அடுத்ததாக அச்சாகும். அந்த 24 இடங்களும் ஆறு நாட்களில் முடிந்துவிட்டன. மற்றவர்களுக்கு 45 டொலருக்கு நூலும் ஒலிப்பதிவும், 15 டொலருக்கு ஒலிப்பதிவு மட்டும். இவ்வளவுதான். உமது கூத்திலும் ஒவ்வொரு பாத்திரத்தின் மேடை வரவையும் ஓர் உபயமாக வைக்கலாம்.

காணொளியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் தயாரித்ததில் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் அம்பாப் பாட்டின் வரலாற்றை விளக்கியிருந்தேன். மருமகன் அதைப் பார்த்துவிட்டு, நான் பேசும் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு, விடியற்காலையில் கைபேசியில் தற்செயலாக எடுத்திருந்த ஒரு துண்டை முன்னால் வைத்தான். எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வலையின் மடி கரைக்கு வரும்வரை கடலைப் பார்த்தபடி நிற்கிறார். கயிறு உராய்ந்து உராய்ந்து மரத்துப்போன அவருடைய உள்ளங்கை, கமரா நெருங்கும்போது விரிகிறது. காற்றின் இரைச்சலுக்கு மேலே அவர் முதலடியைத் தூக்கிப் பாட, பின்னால் நிற்கும் பதினான்கு பேரும் ஏலேலோ என்று ஏற்று இழுக்கிறார்கள். அதற்குப் பிறகு, பக்கத்தில் வலை வளைக்கும் இன்னோர் இடத்தில், உழவு இயந்திரத்தில் பூட்டிய, கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்று அதே போன்ற வலையை ஒரு பாட்டுமில்லாமல் இழுத்துக்கொண்டிருப்பதைக் காட்டினோம். ஏன் இப்போதே பதிவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நாற்பது விநாடிகள் சொன்ன பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது.

இலக்கை 9,000 கனேடிய டொலர் என்று வைத்தோம். அந்தத் தொகை ஆசையிலிருந்து வந்ததல்ல, கணக்கிலிருந்து வந்தது. 500 பிரதிகளுக்கான அச்சுச் செலவு, ஒலிப்பதிவு, தபாற் செலவு என்பவற்றுக்கெல்லாம் முன்னால், பாடுபவர்கள் பதிவுக்கு வரும் நாட்களில் இழக்கும் உழைப்புக்கான கூலியை எழுதினேன். பாட்டு அவர்களுடையது. அவர்களுக்குத் தர மிஞ்சினால் பார்க்கலாம் என்று கடைசியில் எழுதும் கணக்கு எனக்குப் பிடிப்பதில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கும் மத்தளகாரருக்கும் உரியதை நீரும் முதல் வரியிலேயே எழுதும்.

ஜூன் மாதத்தில் 30 நாட்களுக்குத் திறந்து வைத்தோம். முதல் நாளில் 2,900 டொலர் உறுதியானது. பத்தாம் நாள் தொடக்கம் இருபதாம் நாள் வரை கடல் வற்றினாற்போல ஆகிவிட்டது. ஒருநாள் முழுவதும் ஒருவர்கூட வரவில்லை. எல்லாத் திட்டங்களுக்கும் நடுவில் இந்த வறட்சி வரும் என்று தெரிந்திருந்தும் எனக்கு நித்திரை வரவில்லை. அந்த நாட்களில், தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பதை நிறுத்திவிட்டு, மூன்று நாட்களுக்கு ஒரு தடவை முப்பது விநாடிப் பாட்டு ஒன்றையும், அதில் வரும் ஒரு சொல்லின் பொருளையும் மட்டும் பகிர்ந்தோம். நேரத்தையும் கவனித்தோம். இங்கே காலை 6.30 மணி, கோடையில் ரொறன்ரோவில் முந்திய இரவு 9 மணி. இங்கே நள்ளிரவு கடந்து 12.30 மணி, லண்டனில் இரவு 8 மணி. வீட்டு வேலை முடிந்து மக்கள் கைபேசியைக் கையில் எடுக்கும் அந்த நேரங்களிலேயே அனுப்பினோம். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தத் துண்டுகள் எங்கள் கையைவிட்டுத் தாமாகவே பயணம் செய்தன. இருபத்தேழாம் நாள் இலக்கு நிறைந்தது. முடிவில் 187 பேர், 10,400 டொலர்.

அந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. தளத்தின் கட்டணம் 5 வீதம். அட்டைப் பணத்தைக் கையாள்வதற்கு மேலும் 3 முதல் 5 வீதம். எங்களுக்கு ஏறத்தாழ 870 டொலர் கழிந்தது. மூன்று பேரின் அட்டைகள் வேலை செய்யவில்லை. பணம் வந்து சேர இரண்டு வாரங்கள் ஆயின. இவற்றையெல்லாம் இலக்கைக் குறிக்கும்போதே சேர்த்துக்கொள்ளும்.

நான் விட்ட பெரிய பிழை தபாற் செலவில். நூலின் எடையை 920 கிராம் என்று அச்சகத்திலிருந்து கேட்டறிந்து அதற்கேற்பக் கணக்கிட்டிருந்தேன். மழை படாமல் பிளாஸ்ரிக் சுற்றி, மூலைகள் நசுங்காமல் தடித்த அட்டை வைத்துப் பொதி செய்தபோது ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. வெளிநாடு செல்ல வேண்டிய 96 பொதிகளுக்கும் தலைக்கு 1,400 ரூபாய் கூடிற்று. மொத்தம் 1,34,400 ரூபாய். அவசரத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அதில் பாதியைத்தான் தாங்கியது. நடந்ததை எண்களோடு எல்லோருக்கும் எழுதி, அனுப்புவது இரண்டு மாதம் தாமதமாகும் என்று அறிவித்தேன். கோபம் வரும் என்று அஞ்சினேன். ஆனால் பதினொரு பேர், விடுமுறைக்கு ஊருக்கு வரும் உறவினரிடம் கொடுத்துவிடலாம் என்று தாங்களே முன்வந்தார்கள். 40 பிரதிகள் அப்படிப் பயணப்பெட்டிகளில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தன. நீர் ஒரு மாதிரிப் பொதியை உண்மையாகவே கட்டி, தராசில் வைத்துப் பார்த்த பிறகே தொகையை எழுதும்.

முதற் பிரதியைச் சல்லிக்குக் கொண்டுபோய் அந்த முதியவரிடம் கொடுத்தேன். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. பேத்தி அவருடைய பாட்டின் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசியில் வந்த உபயகாரரின் பெயரைக் கேட்டதும், அது தன்னோடு வலை இழுத்தவரின் மகன் என்று சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இனி உமது வேலை. இந்த மாதத்துக்குள் ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல்களையும் வரைந்து, முதல் நூறு பெயர்களை எழுதும். மூன்றாவது நிரலை அண்ணாவியாரோடு இருந்து நிரப்பும். யாருடைய பேரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பது அவருக்கு உம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். செலவுக் கணக்கையும் எனக்கு அனுப்பும். பங்குனியில் கடல் அடங்கி வலை வளைக்கத் தொடங்கும் முன்னர், இரண்டு நாள் வந்து உம்மோடு இருந்து அதைச் சரிபார்க்கிறேன்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்