முதல் கறவையோடு நின்றுவிடும் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்பு ஸ்கேனுக்குப் போடும் ஊசியின் கதிர்வீச்சு ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்று தங்கள் நாளிதழில் படித்தேன். ஊசி மருந்துக் குப்பியில் டெக்னீசியம்-99எம் என்ற, சீக்கிரம் அடங்கிவிடும் கதிரியக்கப் பொருள் மட்டும் இருந்தால் அது சரி. அதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்பது கட்டுரையில் விடுபட்டுவிட்டது. அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

டெக்னீசியத்தை ஜெனரேட்டர் என்ற பெட்டியிலிருந்து ‘கறக்கிறோம்’; ஒவ்வொரு முறை எடுப்பதும் ஒரு கறவை. அதனுள் அலுமினாத் தூளில் மாலிப்டினம்-99 (சுருக்கமாக மாலி) ஒட்டியிருக்கும்; அது சிதைந்துதான் டெக்னீசியம் உண்டாகிறது. உப்புநீர் ஓட்டினால் டெக்னீசியம் மட்டும் கழன்று வரவேண்டும். வழியில் குலுங்கித் தூள் கலைந்திருந்தால் மாலியும் சேர்ந்து இறங்கும். அது ஈரலில் தங்கி வீணாகக் கதிர்வீச்சு கொடுக்கும், படமும் மங்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். குப்பியை, கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபிரேட்டர் கருவியில் இறக்கினால் 800 மில்லிக்யூரி (கதிரியக்க அளவின் அலகு) என்று காட்டுகிறது என்று வையுங்கள். அதையே கனத்த ஈயக் குடுவைக்குள் வைத்து மறுபடி இறக்க வேண்டும். டெக்னீசியத்தின் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவை ஈயம் தடுத்துவிடும்; மாலியின் 740 துளைத்துக்கொண்டு வெளியே வந்து அதன் அளவைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மில்லிக்யூரி டெக்னீசியத்துக்கு மாலி 0.15 மைக்ரோக்யூரியைத் தாண்டினால் (ஆயிரம் மைக்ரோக்யூரி ஒரு மில்லிக்யூரி), அமெரிக்க விதிப்படி அதை நோயாளிக்குப் போடக்கூடாது.

நான் பார்த்த சில இடங்களில் புதுப் பெட்டியின் முதல் கறவைக்கு மட்டும் இந்தச் சோதனை நடக்கும். பதிவேட்டில் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். காலை ஏழு மணிக்கு அந்த 800-இல் மாலி 64 மைக்ரோக்யூரி இருந்தால் விகிதம் 0.08, பாஸ்தான். ஆனால் டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம்; மாலிக்கு 66. மதியம் ஒரு மணிக்கு டெக்னீசியம் 400 ஆகிவிடும், மாலியோ 60-இல் நிற்கும். விகிதம் வரம்பைத் தொட்டாயிற்று. மூன்று மணிக்கு அதே குப்பியிலிருந்து ஊசி போட்டால் 0.18-க்கு மேல். காலையில் பாஸான குப்பிதானே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவிலும் முதல் கறவை போதும் என்றிருந்த விதியை 2018-இல் மாற்றி, ஒவ்வொரு கறவைக்கும் சோதனை கட்டாயம் என்றார்கள். சில நிமிட வேலைக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் சாக்கு. நம் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கறவைக்கும் சோதித்து, பதிவேட்டில் அளவையும், அந்தக் குப்பியை எத்தனை மணி வரை பயன்படுத்தலாம் என்பதையும் எழுத வேண்டும். அந்த நேரத்தைக் குப்பியின் லேபிளிலும் எழுதினால், மதிய ஷிஃப்டில் வருபவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெக்னீஷியன்,
திருச்சி