641-ஐ வச்சு ஒரு தடவை வகுத்துப் பாத்திருக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புக் கணக்குப் போட்டியில 4294967297 பகா எண்ணான்னு, அதாவது 1-ஆலயும் தன்னாலயும் மட்டும் மீதியில்லாம வகுபடுற எண்ணான்னு கேட்டிருந்தீங்க. போன வாரம் "சரியான விடை: ஆம், பெர்மாவின் பகா எண்"னு போட்டுட்டீங்க. எங்கிட்ட டியூஷன் படிக்கிற ஒம்பதாம் வகுப்புப் பிள்ளை, இல்ல, 641-ஆல மீதியில்லாம வகுபடும்னு எழுதி அனுப்பியிருந்தா. பரிசு லிஸ்ட்ல அவ பேர் இல்ல. இப்ப அவ வீட்டுல, பேப்பர்லயே போட்டிருக்கான், ஒங்க சார் தப்பா சொல்லிக்குடுத்துட்டாருன்னு பேச்சு.

உங்களுக்குத் தெரியாததில்ல. பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640-ல 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணா வர்றதப் பாத்துட்டு, இந்த வரிசையில அடுத்தடுத்து வர்றதும் அப்படித்தான்னு நம்புனார். அடுத்தது இந்த எண்தான், 32 ரெண்டை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, அதோட ஒண்ணு கூட்டணும். 1732-லயே ஆய்லர்ங்கிற சுவிஸ் கணித மேதை 641 × 6700417-னு உடைச்சுக் காட்டிட்டார். போன் கால்குலேட்டர்ல பெருக்கிப் பாக்க ஒரு நிமிஷம் ஆகாதுங்க, அதக்கூட செய்யாம ஒரு பிள்ளையோட விடைய தப்புன்னு தள்ளியிருக்கீங்க.

அவ குருட்டாம்போக்குல எழுதல. இந்த எண்ணை வகுக்குற பகா எண் எதுவா இருந்தாலும் அத 64-ஆல வகுத்தா மீதி 1 வரணும், அதனால 193, 257, 449, 577, அப்புறம் 641, அஞ்சாவதுல மாட்டிக்கும். வழிய நான் சொன்னேன், அவங்கப்பா மீன் ஏலக் கணக்கு எழுதுற நோட்டோட பின்பக்கத்துல அத்தனையும் வகுத்துப் பாத்தது அவதான். போட்டியில கேட்ட எண்ணுல ரெண்டைக் கழிச்சா வர்ற 4294967295 என்னன்னா, பெர்மாவோட அந்த அஞ்சு பகா எண்ணையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்குனது. அத அவளே கண்டுபிடிச்சு ஓடிவந்து சொன்னா. இத்தனை வருஷம் கணக்கு நடத்துன எனக்கே அன்னைக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

இதுக்கு முன்னாடி 1-ஐயும் பகா எண்ணுன்னு போட்டீங்க, அப்பவும் எழுதுனேன், பதிலே இல்ல. போட்டிக்குக் கடைசித் தேதின்னு நீங்க போடுறது எங்க பக்கம் தபால் போய்ச் சேர்ற லட்சணத்துக்கு ஒருநாளும் பத்தாது, அதையும் சொல்லிப் பாத்தாச்சு. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா, இல்ல படகைப் பிடிச்சுட்டுப் போனா, அப்பத்தான் எங்க ஊரு பேரு உங்க பேப்பர்ல வருது. கணக்குக்காக இந்தக் கடற்கரைப் பிள்ளை பேரு ஒண்ணு வந்திருக்க வேண்டியது, அதுவும் போச்சு. ரொம்ப மனசு விட்டுப்போச்சுங்க ஐயா.

பரிசுப் பணம் வேண்டாம். வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல, 4294967297 = 641 × 6700417, போன வாரம் போட்ட விடை தவறுன்னு ரெண்டு வரி போடுங்க. அவ விடைய சரின்னு ஏத்துக்கிட்டு வீட்டுக்கு ஒரு கார்டு அனுப்புங்க, விலாசம் உங்ககிட்ட அவ அனுப்புன கவர்லயே இருக்கு.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்