யூகோன் ஆற்றுக்கு ஏழு வருடப் பூட்டு, பெரிங் கடலுக்கு எவ்வளவு?

வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் கவுன்சிலில் வாக்குரிமை உள்ள பதினோரு பேருக்கும்,

வணக்கம். நான் அலாஸ்காக்காரன் இல்லை, மீனவனும் இல்லை. நீங்கள் பிடிக்க அனுமதிக்கும் பொல்லாக் மீன் உறையவைத்த துண்டாகவோ, நண்டே இல்லாத நண்டுக் குச்சியாகவோ என் கூடைக்கு வந்து சேர்கிறது. பெரிங் கடலுக்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம், ஆனால் ஒரு கேள்வி கேட்க அது போதும்.

2024 ஏப்ரலில் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் சேர்ந்து, கனடாவில் பிறந்து அலாஸ்கா வழியாகப் பெரிங் கடலில் சேரும் யூகோன் ஆற்றில், கடலில் வளர்ந்து முட்டையிட ஆறு ஏறும் சினூக் சால்மன் மீனைப் பிடிப்பதை ஏழு வருடத்துக்கு நிறுத்திவைத்தன. கனடா எல்லையைத் தாண்டி 71,000 மீன் போகவேண்டும் என்பது இலக்கு. 2022-ல் தாண்டியது சுமார் 12,000. நிலைமை இப்படி இருக்கும்போது நிறுத்தியதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, ஆற்றங்கரை மக்களிலேயே பலர் அதற்கு முன்பே வலையைச் சுருட்டி வைத்துவிட்டவர்கள்தான். எங்களைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதுதான் அங்கிருந்த பழங்குடி அமைப்புகளின் கோபம்.

அந்த வலை சும்மா பொழுதுபோக்குக்குப் போட்டது இல்லை. கோடையில் குடும்பமே படகேறி ஆற்றோர முகாமுக்குப் போகும், பெரியவர்கள் மீனை நீளநீளமாகக் கீறிக் கொடுக்க, சிறுசுகள் அதைக் கம்பத்தில் தொங்கவிட்டுக் கீழே புகைமூட்டம் போட்டுக் காவல் இருப்பார்கள், பனிக்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. யூகோன் சினூக்குக்குக் கொழுப்பும் அதிகம். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு எதுவும் தின்னாமல், சில மீன்கள் 3,000 கிலோமீட்டர் வரைகூட எதிர்நீச்சல் போடவேண்டுமே. 2021-ல் இந்த ஊர்களுக்கு தென்மேற்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா மீனை விமானத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டியில் வந்த மீன் பசிக்கு ஆகும், முகாமுக்கு ஆகாது.

இனி உங்கள் பக்கம். வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பொல்லாக் பிடிக்கும் கப்பல்களின் இழுவை மடியில் சால்மனும் வந்து விழுகிறது. அதை விற்க முடியாது, கப்பலிலுள்ள பார்வையாளர் எண்ணிக் கணக்கெழுதவேண்டும், அதெல்லாம் சரி. அந்தச் சினூக் எல்லாம் யூகோனுக்குப் போகிறவை இல்லை என்பதும் சரி. கடல் சூடானது, மீனுக்கு நோய், வர வர அளவு சிறுத்துப்போனது என்று காரணங்கள் வேறு நிறைய இருக்கின்றன. மடியை மட்டும் தூக்கிவிட்டால் ஆறு நிறைந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு நானும் ஒத்துப்போகவில்லை.

ஆனால் 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யூகோனில் கோடைக்காலச் சம் (சால்மனில் இன்னொரு வகை) வழக்கமாகப் பத்து லட்சத்துக்கு மேல் வரும், அந்த வருடம் இரண்டு லட்சம்கூட வரவில்லை, ஊர்க்காரர்கள் ஒரு மீன் எடுக்கவும் அனுமதி இல்லை. அதே வருடம் பொல்லாக் கப்பல்களின் மடியில் விழுந்த சம் ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை ஆசியாவிலிருந்து வந்தவை என்று மரபணுச் சோதனை சொல்கிறது, உண்மைதான், மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்குரியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்படியும் கிட்டத்தட்ட 50,000 மீன் ஆகிறதே! இந்த எண்ணுக்கு மேல் போனால் கப்பல் நிற்கவேண்டும் என்று அன்று சம் மீனுக்கு ஒரு வரம்பு இல்லை. ஆற்றில் ஒன்றுகூடக் கூடாது, கடலில் கணக்கெழுதினால் போதும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

மீன் குறைந்தால் வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பவரைக் கடைசியாகத்தான் நிறுத்தவேண்டும் என்பது 1980-ன் அலாஸ்கா நிலச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடலை நடத்துவது 1976-ன் வேறொரு சட்டம். ஒரே மீன் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குள் நீந்திப்போகிறது, கடைசியில் நிறுத்தவேண்டியவர்தான் முதலில் நிற்கிறார். உங்கள் மேசையில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய வாக்கு ஒன்றுகூட இல்லை என்பதால் இதைக் கேட்க வருகிறவர்கள் பொதுக் கருத்து நேரத்தில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் சொல்லி முடித்துவிட்டு உட்காரவேண்டியிருக்கிறது.

சினூக்குக்கு உங்களிடம் வரம்பு இருக்கிறது. வருடத்துக்கு வழக்கமாக 60,000 மீன், மேற்கு அலாஸ்காவின் மூன்று ஆறுகளுக்குத் திரும்பும் சினூக்கின் மொத்தக் கணக்கு 250,000-க்குக் கீழே போனால் 45,000. அதாவது ஆறு மெலிந்தால் கடலும் குறைக்கவேண்டும் என்பதை 2016-லேயே நீங்கள் ஒத்துக்கொண்டாயிற்று. கப்பல்கள் பொதுவாக அந்த வரம்பைத் தொடுவதில்லை என்றால், அதை இன்னும் கீழே இறக்க என்ன தயக்கம்?

கேட்பது இதுதான். ஆறு எந்த எண்ணுக்கு இறங்கினால் உங்கள் வரம்பு 45,000-லிருந்து 20,000 ஆகும், எந்த எண்ணில் கப்பல் கரைக்குத் திரும்பும்? ஆற்றங்கரைக்காரர்களுக்கு அவர்களுடைய எண்ணை ஏழு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. உங்களுடையதையும் எழுதிக் கொடுங்கள், அந்த ஏழு வருடம் முடிவதற்குள்.