மூடியைத் திறந்து பாருங்கள்: நகராட்சி மன்றத்துக்கு ஒரு கட்டடப் பொறியாளரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய நகராட்சித் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரைப் பசுமை நகரமாக்க மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருப்பதாக அறிந்தேன். மரக்கன்று நடுவது உண்டு, விழிப்புணர்வுப் பேரணி உண்டு, துணிப்பை உண்டு. கட்டடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் வீட்டு வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டு வருபவன் என்பதால், அந்தக் குறையை நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் வரைபடங்கள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் சிறு வட்டம் இருக்கும். ‘மழைநீர் சேகரிப்புக் குழி, விட்டம் 3 அடி, ஆழம் 5 அடி.’ கணினியில் ஒரே ஒருமுறை வரைந்தது. அதைத்தான் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். செம்மண் மனைக்கும் அதே வட்டம், கண்மாய்க்கரையில் இருக்கும் கரிசல் மனைக்கும் அதே வட்டம். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரத்தை ஒட்டி அந்த மண்ணுக்குள் தண்ணீரை விட்டால் சுவர் விரிசல் காணும். குழியைச் சுவரிலிருந்து தள்ளி வெட்டி, களியைத் தாண்டித் தண்ணீர் உறிஞ்சும் அடுக்கு வரை துளை போட்டு, ஓட்டையிட்ட குழாயை இறக்க வேண்டும். இது எனக்கும் தெரியும், வரைபடத்தைச் சரிபார்ப்பவருக்கும் தெரியும். தாளில் வட்டம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இருக்கும். அனுமதி வந்துவிடும்.

சென்ற ஐப்பசியில், எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வரைபடம் போட்ட ஒரு வீட்டில் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்க் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளே கல்லாக இறுகிய அரை மூட்டை சிமெண்ட், உடைந்த டைல்ஸ், பெயிண்ட் அடித்த பிரஷ் ஒன்று, ஒற்றைக் குழந்தைச் செருப்பு. மாடியிலிருந்து இறங்கிய குழாய் குழிக்கு ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது. எல்போ வாங்கக் கடைக்குப் போன பிளம்பர் திரும்பவே இல்லை போலும். எட்டு மழைக்காலத்துத் தண்ணீரும் அந்தக் குழாய் வாயிலிருந்து கொட்டிச் சுவரடியில்தான் ஊறியிருக்கிறது. இரண்டு வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அது ஊற்றிய மட்டத்திலேயே நின்றது.

கணக்கு சிறியதுதான். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 4,600 லிட்டருக்கு மேல். ஏறக்குறைய ஒரு டிராக்டர் டேங்கர். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, சித்திரையில் அதே டிராக்டருக்குத் தொலைபேசி செய்து காத்திருக்கிறோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன்களில் தண்ணீர் ரயில் போனது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயில்பாதை வழியாகத் தண்ணீர் தருவிக்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆண்டு ஊரே குழாயும் ஜல்லியுமாக அலைந்தது நினைவிருக்கும். அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள், அதனால் வேலை நடந்தது. வருவது நின்றதும் குழிகள் தூர்ந்தன. இப்போது நிலைமை இன்னும் எளிதாகிவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று போதும். இணையத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, மக்களின் அலைச்சலும் கையூட்டும் குறைகின்றன, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் சிறிய வீடுகளுக்குப் பணிநிறைவுச் சான்றிதழும் கட்டாயமில்லை. ஆக, கட்டுவதற்கு முன்பும் யாரும் வருவதில்லை, கட்டிய பின்பும் வருவதில்லை. என் வட்டத்தைக் கேள்வி கேட்க ஆளே கிடையாது.

எனவே நான் கேட்பது இதுதான். புரட்டாசிக் கடைசியில், பருவமழைக்கு முன்னால், வார்டுக்கு இருபது வீடுகளைக் குலுக்கலில் எடுத்து, ஒரு பொறியாளரும் இரண்டு வாளித் தண்ணீருமாகப் போங்கள். மூடியைத் திறந்து ஊற்றுங்கள். இறங்கினால் சரி, இறங்காவிட்டால் அபராதம் வேண்டாம், ஒரு மாத அவகாசம் கொடுங்கள். வரைபடத்தில் கையெழுத்திட்டவரின் பெயரை மட்டும் அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் ஆண்டு என் பெயர் நிறைய இடங்களில் வரும். வரட்டும்.

குழி சரியாக வைத்திருப்பவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். அரையாண்டுச் சொத்துவரியை முதல் மாதத்திலேயே கட்டுபவருக்கு ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை தருகிறோம், 5,000 ரூபாய் வரை. பணத்தைச் சீக்கிரம் தந்தவருக்கு உள்ள மரியாதை, நிலத்துக்குத் தண்ணீர் தந்தவருக்கு ஏன் இல்லை? புணே மாநகராட்சி மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல், மண்புழு உரம் இவற்றில் ஒன்று வைத்திருக்கும் வீட்டுக்கு ஐந்து விழுக்காடும், இரண்டு இருந்தால் பத்து விழுக்காடும் சொத்துவரியில் தள்ளுபடி தருகிறது. நம் மன்றமாகவே இதைச் செய்யச் சட்டம் இடம் தராது என்றால், தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம். தீர்மானம் போடுவதில் நமக்குக் குறைவில்லை.

அடுத்து உங்கள் சொந்தக் கட்டடம். பழைய நகராட்சி அலுவலகத்தில் ஓட்டுச் சரிவும், ஆளுயர ஜன்னல்களும், சுற்றிலும் தாழ்வாரமும் இருந்தன. மே மாதத்திலும் அங்கே வரிசையில் நிற்க முடிந்தது. அதை இடித்துக் கட்டிய புதிய அலுவலகத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்கே பார்த்து. மூன்று மணி வெயில் உள்ளே வருகிறது, அதைத் தடுக்கத் திரை, திரையால் இருட்டு, இருட்டுக்கு விளக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசி. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கூடத்தில் முப்பத்திரண்டு குழல்விளக்குகள் எரிந்தன. எண்ணினேன், வேறு வேலை இல்லை, வரிசை நீளம்.

கண்ணாடியை இனி இடிக்க முடியாது, விட்டுவிடுவோம். மொட்டை மாடியையாவது கவனிக்கலாம். முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். வெயில் கீழே இறங்காது. இன்று வெறும் கான்கிரீட். இரவு பத்து மணிக்கும் அண்ணாந்து கையை நீட்டினால் அனல் தெரிகிறது. தெலங்கானா 2023இலேயே, வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கு ஒரு கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நாம் நகராட்சிப் பள்ளிகளின் மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதிலிருந்து தொடங்கலாம்.

உங்கள் பொறியாளரிடம் சுண்ணாம்புத் தளம் போடுங்கள் என்றால், ‘விலை விகிதப் பட்டியலில் இல்லையே, சார்’ என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசு வேலைகளுக்கு விலை குறித்த அந்தப் பட்டியலில் இல்லாத வேலையை மதிப்பீட்டில் எழுதினால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு செங்கல் வரிசை முறை உண்டு, சுவருக்குள் காற்றறை விட்டுக் கட்டுவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் அதைப் பரவலாக்கினார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சூடும் குறைவு. பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் அதுவும் உங்கள் மதிப்பீட்டுக்குள் நுழையாது. இவற்றுக்கு விலை நிர்ணயித்துத் தரும்படி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தக்காரர்கள் மெல்லத் தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

சாலை மட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு மடல் ஆகிவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஏறிய படிகள் இப்போது வீட்டுக்குள் இறங்குகின்றன. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குலுக்கலை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். முதல் வீடாக என் வீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம்தான் என் குழியைத் தூர்வாரினேன். நான்கு அடிக்குச் சேறும், 2015ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பால் பாக்கெட்டும் வந்தன. வாளியை நீங்கள் கொண்டு வாருங்கள், கடப்பாரை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சியில் பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவன்