வலிக்கட்டே என்றால் வலி இல்லை: நம் கில்டு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடைக்காரன், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் ஆட்டத்தில் நம் கில்டின் (ஆட்டக்காரர் சங்கத்தின்) ப்ரீஸ்ட், அதாவது ஹீல் போட்டு மற்றவர்களின் உயிரை நிரப்புகிறவன், எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் அரை மணியில் மீம்களுக்கு அடியில் புதைந்துவிடும், அதனால்தான் மடல். உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்தே வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு ராத்திரி டெட்மைன்ஸ் என்கிற டஞ்சனுக்கு, அதாவது ஐந்து பேர் குழுவாகப் போய் அடிக்கிற சுரங்கத்துக்குப் போனோம். டேங்க், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியைத் தன் மேல் வாங்குகிறவன், நம் எருத்தேம்பதித் தம்பி. அவனுக்கு அதுதான் முதல் டஞ்சன். கடைசி பாஸ் (பெரிய எதிரி) வான்கிளீஃபிடம் ஐந்து பேரும் செத்தோம். ஆவியாக வெஸ்ட்ஃபால் சுடுகாட்டிலிருந்து உடம்பைத் தேடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனைக் குழுவிலிருந்து தூக்கினீர்கள். "வீடியோ பார்த்துட்டு வாடா" என்று ஒரே ஒரு வரி. மறுநாள் காலையில் குரூப்பில் புது விதி வந்தது: பாஸ் ஸ்ட்ராட்டஜி தெரியாமல் வருகிறவர்களுக்கு இனி குழுவில் இடமில்லை.

அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அவன் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்தான். முதல் பாஸ் ராக்ஸோர் முன்னால் நின்றுகொண்டு, "குளுப்டாக் எங்கண்ணா?" என்று கேட்டானே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்புறம் கப்பலில் ஏறும்போது, "குக்கி வீசுற சாப்பாட்டுல நல்லதைத் தின்னணும், கெட்டுப்போனதைத் தொடக் கூடாது, சரிதானே?" என்றான். அதற்கும் சிரிப்பு. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உறைத்தது. 2010 டிசம்பரில் கேட்டக்ளிசம் என்கிற புதுப் பாகம் வந்தபோது டெட்மைன்ஸை அடியோடு மாற்றினார்கள். குளுப்டாக், ஹீலிக்ஸ், ஃபோ ரீப்பர் 5000, அட்மிரல் ரிப்ஸ்னார்ல் என்று பாஸ்கள் எல்லாம் புதிது. ஹீரோயிக் என்கிற கடினமான முறையில் கடைசியாக வான்கிளீஃபின் மகள் வனெசா. குக்கி சாப்பாடு வீசுவதும் அந்தப் புது டெட்மைன்ஸில்தான். நாம் ஆடுவது கிளாசிக், அதாவது அந்த மாற்றத்துக்கு முந்தைய பழைய ஆட்டம். இங்கே குக்கி ஒரு மீன்மூஞ்சி முர்லாக், ஆசிட்டைத் தெளித்துவிட்டு நாலு அடியில் விழுந்துவிடுவான். (அவனிடம் கிடைக்கும் தண்டாயுதம் அச்சு அசல் சப்பாத்திக் கட்டை. இன்னும் என் பையில் கிடக்கிறது, விற்க மனசில்லை.)

பையன் பாடம் படித்துத்தான் வந்திருந்தான், பாடப்புத்தகம்தான் வேறு. பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம், அத்தை மகனின் லேப்டாப், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. அதில் இருபது நிமிஷ இங்கிலீஷ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான். எந்த வெர்ஷன் என்று பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் யாராவது சொன்னோமா?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து உட்காருகிறோம். ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இங்கே ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற வேகத்துக்குப் பனைமட்டை ஒயரில் விழுந்தால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு. அதற்கு நடுவில் ஒரு தடவை எல்லோரும் செத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு நாம் செத்ததற்குக் காரணம் அந்தப் பையன்தானா? நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன்.

வான்கிளீஃபின் உயிர் பாதிக்கு வரும்போது அவன் அடியாட்களைக் கூப்பிடுவான். புதிதாக வருகிற ஆட்களுக்கு டேங்க் மேல் இன்னும் எந்தக் கோபமும் கிடையாது, ஏனென்றால் டேங்க் அவர்களை ஒரு அடிகூட அடித்திருக்க மாட்டார். ஆனால் ஹீலர் போடும் ஒவ்வொரு ஹீலிலும் பாதி அளவு த்ரெட்டாக, அதாவது எதிரிக்கு நம் மேல் வரும் கோபமாக மாறி, சண்டையில் இருக்கும் எல்லா எதிரிக்கும் பங்கு போய்ச் சேரும். அதனால் அடியாட்கள் வந்த நொடியில் பார்ப்பது ஹீலரைத்தான். சரியாக அதே நொடியில் நான் பெரிய ஹீல் ஒன்றைப் போட்டேன். நேராக என் மேல் பாய்ந்தார்கள். நான் விழுந்தேன், என் பின்னால் எல்லோரும் விழுந்தார்கள். தம்பி கடைசி வரை வான்கிளீஃபை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ஏனென்றால் அவனிடம் நாம் சொல்லியிருந்தது "பாஸைப் பிடி" என்பது மட்டும்தான். "பாதியில் ஆள் வரும், அண்ணன் பக்கம் திரும்பி அவர்களை இழு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஹீலை நான் இரண்டு நொடி தள்ளிப் போட்டிருந்தாலும் போதும். ஆறு வருஷமாக ஹீலர் ஆடுகிறவன் நான். என்னை யாரும் தூக்கவில்லை.

அடுத்து நம் பாஷைப் பிரச்சினை. இதை யாரும் பேசுவதே இல்லை. நம் கில்டில் பாதிப் பேர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, மீதிப் பேர் எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், இரண்டும் வாயில் கலந்தே வரும். கூடவே சித்தூர் டவுனிலிருந்து வரும் சேட்டன்மார் இரண்டு பேர். போன மாதம் அதில் ஒருவர் டேங்க், பொள்ளாச்சித் தங்கச்சி ஹீலர். ஒவ்வொரு எதிரிக் கூட்டத்தையும் தன் பக்கம் இழுப்பதற்கு முன்னால் சேட்டன் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்: "வலிக்கட்டே?" இழுக்கட்டுமா என்று அர்த்தம். தங்கச்சி காதில் விழுந்தது வலி. உடனே பவர் வேர்ட் ஷீல்டு, அடியைத் தாங்கும் மந்திரக் கவசம். கிளாசிக்கில் ஷீல்டு தாங்கிய அடிக்கு, டேங்காக நிற்கும் வாரியருக்கு ரேஜ் (அடி வாங்கினால் ஏறும் சக்தி) வராது. ரேஜ் இல்லாமல் சண்டர், அதாவது எதிரியின் கோபத்தைத் தன் பக்கம் இழுக்கும் அடி, போட முடியாது. சண்டர் இல்லாமல் கூட்டம் அவரிடம் நிற்காது. ஒவ்வொரு தடவையும் கூட்டம் கலைந்து மேஜ் (மந்திரவாதி) மேல் போக, சேட்டனுக்கு மேஜ் மேல் கோபம், மேஜுக்கு சேட்டன் மேல் கோபம். "ரொம்ப வலிக்குதுங்களா?" என்று தங்கச்சி நாலாவது தடவை கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

இன்னொன்று "மாறு". கிரீன்ஸ்கின் கேப்டன் என்கிற பாஸுக்கு, முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரையும் ஒரே வீச்சில் வெட்டுகிற பழக்கம் உண்டு, அதனால் டேங்கைத் தவிர எல்லோரும் அவன் முதுகுப் பக்கம் போக வேண்டும். சேட்டன் "மாறு, மாறு!" என்று கத்தினார். விலகு என்றுதான் சொன்னார். நம் ரோக் (கத்திக்காரன்), அடிக்கிற ஆளை மாற்றச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, மேஜ் ஆடாக்கி ஓரமாக நிறுத்தி வைத்திருந்தவனைப் போய்க் குத்தினான். குத்தினால் ஆடு மறுபடி மனுஷன் ஆகிவிடுமே! இதற்கெல்லாம் எந்த வீடியோவில் ஸ்ட்ராட்டஜி இருக்கிறது?

அதனால் நான் கேட்பது இதுதான். விதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாஸுக்கு முன்னாலும் அரை நிமிஷம் நின்று, யாராவது ஒருவர் வாய்ஸில் தமிழில் சொல்லட்டும். எப்படி என்றால், நான் சொன்னால் இப்படிச் சொல்வேன்.

உள்ளே நுழைந்ததும்: "தம்பி மூணு சண்டர் போடுற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க. பக்கத்துல நிக்கறவங்க டேங்கை விட 10 சதவீதம் அதிகமா த்ரெட் சேர்த்தா பாஸ் திரும்பிடும். தூரத்துல நிக்கறவங்களுக்கு 30 வரைக்கும் தாங்கும். வான்கிளீஃபோட டிஃபியாஸ் ஆளுங்க சாகப் போற நேரத்துல ஓடுவாங்க. ஓடி அடுத்த கூட்டத்தைக் கூட்டிட்டு வருவாங்க. ஓடுறவனை முதல்ல அடிங்க."

ராக்ஸோருக்கு பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவன் செத்த பிறகு சொல்ல வேண்டியதுதான் முக்கியம்: கதவு திறந்ததும் முன்னால் ஓடாதே, பின்னாலிருந்து ரோந்து வரும். பாஸ் முடிந்தது என்று ஹீலர் ஓரமாக உட்கார்ந்து தண்ணி குடிக்கிற நேரம் பார்த்துத்தான் வருவார்கள். தண்ணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "ஒரு நிமிஷம் இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு நான் ஹெட்செட்டில் சொன்னதைக் கேட்டு எங்கம்மா கதவைத் தட்டிவிட்டார்கள். சித்தூர் கள்ளுக்குப் பேர்போன ஊர், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் மேஜ் உண்டாக்கித் தரும் தண்ணிதான் ஹீலருக்கு உயிர். மனா (அந்தத் தண்ணி குடித்தால் நிரம்பும் மந்திர சக்தி) பாதிக்குக் கீழே இருக்கும்போது இழுக்கிற டேங்கை விட, இரண்டு நிமிஷம் தாமதிக்கிற டேங்க் எவ்வளவோ மேல்.

ஸ்நீட் இரண்டு கட்டம்: முதலில் மரம் அறுக்கும் யந்திரம், அது உடைந்ததும் உள்ளேயிருந்து அவன் குதிப்பான், கொண்டாடாதே. கில்னிட் சுலபம். அப்புறம் பீரங்கி. வெடிமருந்தை எடுத்து வந்து இரும்புக் கதவைத் தகர்த்தால் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வருவார்கள், எல்லோரும் தயாராக நின்ற பிறகே திரியைத் தொடு.

மிஸ்டர் ஸ்மைட்டிடம்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பயந்துபோவது அங்கேதான். உயிர் 66 சதவீதத்துக்கு வந்ததும் தரையை ஒரு மிதி மிதிப்பான், ஐந்து பேரும் சிலையாக நிற்பார்கள். கை கால் அசையாது, பொத்தான் எதுவும் வேலை செய்யாது. பையன்கள் லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துக் கண்ட பட்டனையும் தட்டுவார்கள். எங்கள் ஊர் நெட்டுக்கும் ஆஸ்திரேலியச் சர்வருக்கும் அப்படி நினைப்பது நியாயம்தான். அந்த நேரத்தில் ஸ்மைட் பெட்டியிடம் நடந்து போய் இரண்டு கைக்கும் ஆயுதம் எடுத்து வருவான். மறுபடி 33 சதவீதத்தில் அதே மிதி, இந்தத் தடவை எடுத்து வருவது பெரிய சுத்தி. அதன் அடி கனம். ஆகவே 70ஐ நெருங்கும்போதும், 35ஐ நெருங்கும்போதும் அடிப்பதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, டேங்கின் உயிரை நிரப்பி, அவர் மேல் ஒரு ரென்யூவும் (கொஞ்சம் கொஞ்சமாக உயிரை ஏற்றும் ஹீல்) போட்டுவிட்டால் போதும். சிலையாக நின்றாலும் ரென்யூ வேலை செய்துகொண்டே இருக்கும். "இப்ப மிதிப்பான், பயப்படாதே, லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலை" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். போன ஞாயிறு இதை மட்டும் நான் தம்பியிடம் சொன்னேன். ஸ்மைட்டை எவ்வளவு அழகாக முடித்தான் என்று நீங்களே பார்த்தீர்கள்.

வான்கிளீஃப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அவன் கதையையும் ஒரு வரி சொல்லலாம், பையன்களுக்குப் பிடிக்கும். இடிந்து கிடந்த ஸ்டார்ம்விண்ட் நகரத்தைத் திரும்பக் கட்டிய கொத்தனார்களின் தலைவன் அவன். வேலை முடிந்ததும் பெரிய மனிதர்கள் கூலி கொடுக்கவில்லை. அதில்தான் கலகம், அதில்தான் டிஃபியாஸ் கூட்டம். தம்பியின் அப்பாவும் கொத்தனார். கதையைக் கேட்டதும், "அப்ப நாம எதுக்குண்ணா அவனை அடிக்கணும்?" என்றான். எனக்கு பதில் தெரியவில்லை.

வார்த்தைகளைப் பொறுத்தவரை, சேட்டன்மாரோடு பேசிவிட்டேன். அவர்களுக்குச் சம்மதம். இழுக்கும் முன் "இழுக்கறேன்", நகரச் சொல்ல "விலகு", வேறு எதிரியை அடிக்கச் சொல்ல "ஆளை மாத்து", எவனாவது தப்பித்தால் "ஓடறான்". நாலே வார்த்தை. வலியும் மாறும் இனி வாய்ஸில் வேண்டாம், ரேஷன் கடையில் வைத்துக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி டெட்மைன்ஸ் போகிறேன். டேங்க் அதே தம்பி, கேட்டுவிட்டேன், முதலில் வரமாட்டேன் என்றான், அப்புறம் சரி என்றான். சேட்டனும் பொள்ளாச்சித் தங்கச்சியும் வருகிறார்கள், தங்கச்சி இந்தத் தடவை ஹீலர் இல்லை, வார்லாக். ஒரு இடம் காலி. உங்களில் யாராவது வந்தால் நல்லது. மேஜாக வாருங்கள், தண்ணி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ப்ரீஸ்ட்,
கொழிஞ்சாம்பாறை